மலைக்கிராமத்து வீட்டில் தங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மலைக்கிராமங்கள் வழியாக ஐந்து நாள் ட்ரெக்கிங் போகப் பதிவு செய்ய இருக்கிறோம். இரண்டு இரவுகள் 'உள்ளூர்க் குடும்பத்துடன் தங்கல்' என்று போட்டிருக்கிறார்கள். முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி உண்டாம். கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் மட்டும் போதும், அதுவும் சில விவரங்கள் உங்கள் கைக்கு வந்த பிறகு.

முதலில் அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கிராமம், நீங்கள் போகும் நாட்களில் குடும்பம் அங்கேயே இருக்குமா, ஒரே இரவில் எத்தனை பேரைத் தங்க வைப்பார்கள்? விளம்பரத்தில் குடும்பம் என்று இருக்கும். போய்ப் பார்த்தால் வரிசையாகக் கட்டில் போட்டிருக்கும், வீட்டுக்காரர் சாவி கொடுக்க மட்டும் வந்து போவார். இருபது பேரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறோம் என்று சொன்னால் அது பெரும்பாலும் விடுதிதான். விடுதியில் தங்குவதில் தப்பே இல்லை. அதை விடுதி என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, நிபந்தனைகள் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். 'அல்லது அதற்கு இணையான தங்குமிடம்' என்று ஒரு வரி அநேகமாக எங்காவது இருக்கும். உங்களை எங்கே கொண்டுபோய்த் தங்கவைத்தாலும் அந்த வரியைக் காட்டி நிறுவனம் தப்பித்துக்கொள்ளலாம். 'வேறொரு குடும்பத்தின் வீடு, அதுவும் கிடைக்காவிட்டால் அந்த இரவுக்கான தொகை திரும்பத் தரப்படும்' என்று மாற்றி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். மண்சரிவாலோ பனியாலோ பாதை அடைபட்டால் பயணத்தை நிறுத்துவது யார் முடிவு, எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னதை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. பணத்தையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரிலேயே ரசீது வர வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

நீங்கள் தரும் பணத்தில் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது? இதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். தண்ணீர் சுமந்து, விறகு வைத்துச் சமைத்து, தங்கள் அறையையே ஒழித்துக் கொடுப்பவர்கள் அவர்கள். நேர்மையாக நடத்துபவர்கள் தொகையைச் சொல்லிவிடுவார்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்வேன். எனக்குப் பிடித்த ஏற்பாடு: வழிகாட்டிக்கும் போக்குவரத்துக்கும் நிறுவனத்திடம் கட்டுவது, தங்கும் செலவை வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பது. அதற்குச் சில்லறை நோட்டுகளாக எடுத்துப் போங்கள். மேலே சிக்னல் இல்லாவிட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது.

வசதிகளைப் பற்றியும் கூச்சமில்லாமல் கேட்கலாம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் நடு ராத்திரியில் குளிரில், இருட்டில், செங்குத்தான படியில் இறங்க வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இது பெரிய விஷயம். போர்வை தருவார்களா, ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோக வேண்டுமா என்பதையும், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவு எது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடை இல்லாத ஊரில் கடைசி நேரத்தில் மாற்றுச் சமையலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

கேள்வி: ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர்தான், எளிதான நடை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கு மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். இதில் ஓய்வு சேரவில்லை. பழக்கமில்லாதவர்கள் பாதி நேரத்தையாவது கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

பாதை 2,500 மீட்டருக்கு மேல் போனால் இன்னொன்றும் முக்கியம். அங்கிருந்துதான் உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, குமட்டல் போன்றவை) பரவலாக வர ஆரம்பிக்கிறது. பகலில் தொடும் உச்சியைவிட இரவு படுக்கும் இடத்தின் உயரம்தான் கணக்கு. ஆகவே ஒவ்வொரு வீடும் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஒரு இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இதை மீறும் பயணத் திட்டத்தை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று. அது போதாதா?

பதில்: பாலிசியில் உயர வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடந்த எதற்கும் பணம் தராது. மீட்பு ஹெலிகாப்டர் செலவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், ஹெலிகாப்டரை அழைக்கும் முன் தங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. வாங்காவிட்டால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். உங்களுக்கு உடம்பு முடியாதபோது அந்த போனை நீங்கள் பேச முடியாது. பாலிசி எண்ணையும் அவசர உதவி எண்ணையும் காகிதத்தில் எழுதி ஒன்றை வழிகாட்டியிடமும் இன்னொன்றை உடன் வருபவரிடமும் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: இதற்காகப் புது ஷூ வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பழகுங்கள். கடைக்கு மாலையில் போங்கள், கால் லேசாக வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, கடையில் சரிவான பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். கால்விரல் முன்னால் இடித்தால் அந்த அளவு சரிவராது.