பிறேக் துளை இல்லாத சைக்கிள்

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிக்குடியில் என் பெரியப்பாவின் பழைய வீட்டைத் திருத்தும்போது பின்கொட்டிலில் ஒரு சைக்கிள் பிறேம் கிடைத்தது. முன் போர்க் அதோடு இருக்கிறது. சில்லு, சீற், ஹான்டில் எதுவும் இல்லை. தூக்கினால் நம்பவே முடியாத அளவுக்குப் பாரம் குறைவு. முன்னாலும் பின்னாலும் பிறேக் பூட்டத் துளை இல்லை. போர்க்கின் கால்கள் உருண்டையாக இருக்கின்றன. பின்சில்லு பூட்டும் வாய் பின்பக்கம் திறந்திருக்கிறது. பெரியப்பா இளவயதில் ஸ்போர்ட்ஸ் மீற்றுகளில் சைக்கிள் ஓடியவர் என்று அப்பா சொல்கிறார். பிறகு அதிலேயே கரியர் பூட்டி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து விறகு ஏற்றியிருக்கிறார். அதற்காகப் பின்குழாய்களில் ஒட்டிய இரண்டு இரும்புத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன.

சைக்கிள் கடையில் காட்டினேன். சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, துண்டுகளை வெட்டி, போர்க்கில் துளை போட்டுப் பிறேக்கும் பிறீவீலும் பூட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து றலி ஸ்டிக்கர் ஒட்டித் தரலாம் என்கிறார்கள். செய்யலாமா? இது என்ன சைக்கிள்?

ர., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

கடையில் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் எடுத்து வந்துவிடுங்கள். கடைக்காரர் சொன்னது வழக்கமான பார வண்டிக்குச் சரியான வேலைதான். உங்களிடம் இருப்பது அந்த வண்டி இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வேலையும், இது என்ன சைக்கிள் என்ற உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பகுதியை அழித்துவிடும். விடை கிடைத்த பிறகு திருத்துவோம்.

நீங்கள் எழுதிய அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பின்பக்கம் திறந்த வாய் மட்டும் இருந்தால் எதையும் சொல்ல முடியாது. நம் ஊரில் நெல்மூட்டை ஏற்றிய 28 x 1½ ரயர் வண்டிகளுக்கும் அதே வாய்தான். கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கும் பிறேக் வைத்த பழைய வண்டிகளிலும் பிறேக்குக்கென்று துளை கிடையாது. ஆனால் பாரம் குறைவு, உருண்டைக் கால், துளையில்லாத போர்க் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அது வட்டப் பாதையில் ஓடுவதற்கென்றே செய்த பந்தயச் சைக்கிளாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அதில் ஒரே கியர். பின்பல்லு சில்லோடு இறுகியிருக்கும், பிறீவீல் இல்லை. சில்லு சுற்றும்வரை காலும் சுற்றவேண்டும், வேகத்தைக் குறைப்பதும் காலால்தான். கடைசிச் சுற்றில் ஓட்டுபவர் ஹான்டிலைப் பிடித்து இழுத்து மிதிக்கும்போது பிறேம் பக்கவாட்டில் முறுகும். உருண்டைக் கால் அதற்கு ஈடுகொடுக்கும். தெருவில் ஓடும் பந்தயச் சைக்கிளுக்குக் குலுக்கல் தாங்கவேண்டும், அதனால் அதன் கால் முட்டை வடிவில் இருக்கும். போர்க்கின் நுனியிலும் பின்வாய்க்கு அருகிலும் மட்காட் பூட்டும் சிறு காதுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் என் ஊகம் இன்னும் உறுதியாகும்.

அடுத்து வேணியர் என்ற அளவுக்கருவியால் சீற் குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். பார வண்டிகளில் ஏறக்குறைய 25.4 மில்லிமீற்றர் வரும். 27.2 அல்லது அதற்குக் கிட்ட வந்தால் குழாயின் சுவர் மெல்லியது, நல்ல உருக்கு. பர்மிங்காமின் றெனால்ட்ஸ் கொம்பனி, முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லிதாகவும் குழாய் இழுக்கும் முறைக்கு 1897இல் காப்புரிமை பெற்றது. 1935இல் மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த 531 என்ற உருக்கை வெளியிட்டது. பிறகு பல பத்தாண்டுகள் உலகின் நல்ல பந்தயச் சைக்கிள்கள் பல அதில்தான் செய்யப்பட்டன. அந்தக் குழாயின் நடுப்பகுதி ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியது. அதில் மணலை வேகமாக அடித்தால் கறளோடு உருக்கும் போகும்.

எந்தக் குழாய் என்று சொல்லும் சிறு ஸ்டிக்கர் பெரும்பாலும் சீற் குழாயின் மேற்பகுதியில் ஒட்டப்பட்டிருக்கும். யாரோ அதன்மேல் பெயின்ற் அடித்திருக்கலாம். மிக மெல்லிய வோட்டர் பேப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். நிறம் மாறிய உடனே நிறுத்திப் படம் எடுத்துவிட்டு மேலே போங்கள். மேல் பெயின்ற், அதன்கீழ் இன்னொன்று, அடியில் முதல் நிறம் என்று படை படையாக வரும். முதல் நிறம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முன்குழாயில் பெயர்த்தகடு விழுந்துபோயிருந்தாலும் பெரும்பாலும் ஆணித் துளைகள் இரண்டு இருக்கும். அவை மேல்கீழா, பக்கவாட்டா, இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்று குறித்துவையுங்கள். தகடு எந்தக் கொம்பனியுடையது என்று தேட அது உதவும். பெயின்ற் அடிப்பவர்கள் முதலில் பசைபோட்டு அடைப்பது அந்தத் துளைகளைத்தான். தகட்டின் நிழல் அடிப் பெயின்றில் பதிந்திருந்தால் அதையும் படம் எடுங்கள்.

பிறகு பிறேமைக் கவிழ்த்து, பெடல் அச்சு போகும் குழலின் அடியை மண்ணெண்ணெயால் துடையுங்கள். இலக்கங்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கலாம். தெளிவில்லாவிட்டால் ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். போர்க்கைக் கழற்றினால் அதன் தண்டிலும் இலக்கம் இருக்கக்கூடும். இரண்டும் ஒன்றானால் போர்க்கும் பிறேமும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருக்கின்றன.

அந்தக் குழலுக்குள் இருக்கும் புரியையும் எண்ணுங்கள். அரை அங்குலத்தில் 12 புரி என்றால் இங்கிலாந்தில் பொதுவாக இருந்த அளவு. 13 என்றால் நொட்டிங்காமில் றலி தன் வண்டிகளுக்கு வைத்த சொந்த அளவு. றலி வாங்கிய ஹம்பர், றட்ஜ் வண்டிகளிலும் அதைக் காணலாம். ஆனால் 12 என்பதால் றலி இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, அவர்களுடைய நல்ல பந்தய வண்டிகளில் பொது அளவும் உண்டு. அந்தக் குழலின் இரண்டு பக்கமும் புரியில் பூட்டியிருக்கும் மூடிகள்தான் கப். இங்கிலாந்து வண்டியில் வலப்பக்கக் கப் எதிர்த்திசையில் கழரும், இத்தாலி வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே திசை. கழராவிட்டால் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். பொருந்தாத கப்பை இறுக்கி ஏற்றிப் புரியைக் கொன்ற பிறேம்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

றலி ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தின் றெக் ஹரிஸ் 1949, 1950, 1951, 1954 ஆகிய நான்கு ஆண்டுகள், ஸ்பிரின்ட் என்ற குறுந்தூர வட்டப்பாதைப் பந்தயத்தில் தொழில்முறை உலகச் சம்பியன். றலியில் ஓடியவர். அந்தப் பெயருக்கு இருந்த மவுசு எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பிறேம், இலண்டனில் ஒரு சிறு பட்டறையில் ஒருவர் கையால் அரம் போட்டுச் செய்ததாகவும் இருக்கலாம். குழாய்கள் சேரும் மூட்டுகளின் ஓரங்கள் மெல்லியதாகச் சீவப்பட்டிருந்தால் அப்படித்தான் நினைப்பேன். பொய்ப்பெயர் ஒட்டினால் அந்த மனிதரின் வேலை மறைந்துபோகும்.

இனி அந்த இரண்டு இரும்புத் துண்டுகள். கடலோர எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே விறகும் நெல்லும் சைக்கிளில்தான் வந்தன, எங்கள் ஊரின் அடுப்புகள் அதில் எரிந்தன. புல் மைதானத்தில் சுற்றிய வண்டியை உங்கள் பெரியப்பா குடும்பத்துக்காக வாவியைத் தாண்ட வைத்திருக்கிறார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அந்தத் துண்டுகளை வெட்டு என்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெட்டாமல் விடுவதில் தொழில் நியாயமும் உண்டு: மெல்லிய குழாயை ஒருமுறை சூடாக்கி ஒட்டியாயிற்று. அதே இடத்தில் அரைத்து எடுத்தால் குழாய் இன்னும் மெலியும். ஒட்டைச் சுற்றி முடியளவு வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். இல்லையென்றால் அப்படியே விடுங்கள். அதுவும் இந்தச் சைக்கிளின் கதைதான்.

கறளைப் பற்றிக் கொஞ்சம். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் வாவி. வெளிக் கறளைவிட உள்ளே இருப்பதுதான் ஆபத்து. பிறேமைத் தலைகீழாகப் பிடித்துக் குழாய்களைத் தட்டினால் என்ன கொட்டுகிறது என்று பாருங்கள். ஒக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்தால் கறள் கழன்றுவிடும், பழைய பெயின்ற் பெரும்பாலும் தங்கும். அது நஞ்சு, கையுறை கட்டாயம், பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து, குழாய்களுக்குள் லின்சீட் எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடியுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஓட்டுவதற்கு ஆசை இருந்தால் ஓட்டுங்கள், ஆனால் பிறேக் இல்லாமல் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஏறவேண்டாம். போர்க்கைத் துளைக்காமல் இறுக்கிப் பூட்டும் முன்பிறேக் பிடிகள் உண்டு. பந்தய வண்டியிலேயே மைதானத்துக்கு ஓடிப்போய், அங்கே பிறேக்கைக் கழற்றிவிட்டுப் போட்டியில் இறங்கிய ஆட்கள் இங்கிலாந்தில் நிறைய இருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1955இல் தொடங்கிய வெற்றரன் சைக்கிள் கிளப் என்ற பழைய சைக்கிள் ஆர்வலர்களின் சங்கத்தில் ஒவ்வொரு கொம்பனிக்கும் அதில் ஊறியவர்கள் இருக்கிறார்கள். இலக்கம், துளை அளவு, படங்கள் எல்லாம் கையில் வந்தபிறகு அவர்களுக்கு எழுதலாம், நானும் சேர்ந்து எழுதுகிறேன். அதற்குள் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த மைதானம், யாரிடம் வாங்கினார், அந்தக் காலத்துப் படம் யாரிடமாவது இருக்கிறதா. பெரியப்பாவோடு ஓடியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், இலக்கம் எங்கேயும் ஓடிவிடாது.

வேணியர் இல்லையென்றால் லேத் பட்டறையில் கேளுங்கள், அளக்க அதிக நேரம் ஆகாது. 27.2 என்று வந்தால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.