காந்தமே இல்லாத டிஎன்ஏ ஸ்பின்னை எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். டிஎன்ஏ வழியே ஒருவகை ஸ்பின் உள்ள இலத்திரன்கள் மட்டும் இலகுவாகப் போகுமாம். இதைப் பாடசாலைக் கண்காட்சியில் செய்து காட்டலாமா? மாதிரிக்கு வீட்டிலுள்ள வலம்புரிச் சங்கை வைக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் சங்கைச் சாமியறையிலேயே விட்டுவிடுங்கள். நாம் வலம்புரி என்பது விலங்கியலில் இடக்கைச் சுருள். டிஎன்ஏயின் வழக்கமான வடிவமோ வலக்கைச் சுருள். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் சாதாரண போல்ட் ஒன்று போதும், அதன் புரி வலக்கைப் புரிதான்.

அந்தப் போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் அது வலக்கைப் புரியே. விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. சுருள் மூலக்கூறு ‘மேல்’ ஸ்பின், ‘கீழ்’ ஸ்பின் என்று பார்ப்பதில்லை. இலத்திரன் ஓடும் திசையோடு ஒப்பிட்டால் அதன் ஸ்பின் எந்தப் பக்கம் என்றுதான் பார்க்கிறது. ஓட்டத்தைத் திருப்பினால் இலகுவாகப் போகும் ஸ்பின்னும் மாறிவிடும். இலத்திரன் ஓடாவிட்டால் தெரிவும் இல்லை, அதனால்தான் டிஎன்ஏ காந்தமாவதில்லை. (ஸ்பின் என்றதும் பம்பரத்தை நினைக்காதீர்கள். இரசாயனவியலில் +½, −½ என்று படித்தீர்களே, அதேதான்.)

மின்புலத்தில் ஓடும் இலத்திரன் தன் பார்வையில் ஒரு காந்தப்புலத்தையும் உணரும். அதுதான் ஸ்பின்னை ஓட்டத்தோடு பிணைக்கிறது. ஆனால் காபன், நைதரசன் போன்ற இலேசான அணுக்களில் இந்தப் பிணைப்பு மிகச் சிறியது, அளந்த விளைவோ பெரியது. ஏன் என்பதில் கோட்பாட்டாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை.

2011இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகத்து ரொன் நாமனும் ஜேர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும் பொன் தகட்டில் டிஎன்ஏ இரட்டை இழைகளை நெருக்கமாக நட்டு, புறஊதா ஒளியால் பொன்னிலிருந்து இலத்திரன்களைக் கிளப்பினார்கள். அவை இழைகளைத் தாண்டி வந்தபோது ஸ்பின் முனைவாக்கம் சுமார் 60%, அதுவும் அறை வெப்பநிலையில். இழை நீள நீள இது கூடியது, ஒற்றை இழையில் சொல்லும்படி ஏதும் இல்லை. 60% என்றால் நூற்றுக்கு அறுபது இலத்திரன் என்று போஸ்டரில் எழுதிவிடாதீர்கள். இரு வகைக்கும் உள்ள வித்தியாசம்தான் 60, அதாவது 80க்கு 20.

வெற்றிட அறையும் ஸ்பின் அளக்கும் கருவியும் வேண்டும், ஆகவே பாடசாலையில் இதைச் செய்ய முடியாது. ஆனால் கைத்தன்மையை, அதாவது வலக்கை இடக்கை வேறுபாட்டைக் காட்டலாம். சீனி மூலக்கூறுக்கும் அது உண்டு. 50 கிராம் சீனியைக் கரைத்து, கரைசலை 100 மில்லிலீற்றருக்குக் கொண்டுவந்து, நேர்க்குத்தான கண்ணாடிக் குவளையில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றுங்கள். கீழும் மேலும் முனைவாக்கித் தாள் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வையுங்கள், பழுதான கல்குலேட்டர் திரையில் கிடைக்கும். மஞ்சள் ஒளியில், ஒளி அதிரும் தளம் ஏறத்தாழ 33 பாகை திரும்பும். இங்கே திரும்புவது ஒளியின் தளம், ஸ்பின் அல்ல. அதனால் குவளையில் ‘ஸ்பின் வடிகட்டி’ என்று ஒட்டாதீர்கள். கரைசலின் உயரத்தைப் பாதியாக்கினால் பாகையும் பாதியாகும். மேல் தாளைப் பார்க்க வருபவர்களின் கையிலேயே கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள்.