கடலை எண்ணெயில் செய்த குக்கீஸ் ஏன் கல்லாகிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் கணவருக்கு 52 வயது. கெட்ட கொழுப்பு அதிகம் என்று பேக்கரி பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். மாலை டீயோடு எதையாவது கடிக்காமல் அவரால் இருக்க முடியாது. மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு, வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் சேர்த்து வீட்டிலேயே குக்கீஸ் செய்தேன். நன்றாக வந்தது. தினமும் கொடுக்கலாமா? கடலை எண்ணெயில் செய்தால் மட்டும் ஏன் கல் மாதிரி ஆகிறது?

மாவை மாற்றியது நல்ல காரியம். ஆனால் கொழுப்பு விஷயத்தில் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. 100 கிராம் வெண்ணெயில் சுமார் 50 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கும் மேல். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பை ஏற்றிவிடுவது பெரும்பாலும் இந்த நிறைவுற்ற கொழுப்புதான். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அந்த உறையும் குணம் தருவதுதான் உங்கள் குக்கீஸின் மொறுமொறுப்பு. வனஸ்பதியும் வேண்டாம். 2022 முதல் அதில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்துவிட்டாலும், நிறைவுற்ற கொழுப்பு அதில் நிறையவே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் வெண்ணெயில் 20 குக்கீஸ் செய்தால், ஒன்றில் இரண்டரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு. டீயோடு நான்கு தின்றால் 10 கிராம். ஒரு நாள் முழுவதற்குமே சுமார் 22 கிராம்தான் உச்ச வரம்பு, அதுவும் ஆரோக்கியமானவருக்கு. கடலை எண்ணெயில் செய்தால் ஒரு குக்கீஸில் ஒரு கிராம்கூட வராது.

சரி, கல்லாவது ஏன்? வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் தண்ணீரும் இல்லை, காற்றும் நிற்காது. 100 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் எண்ணெய் ஊற்றினால் மாவு பிசுபிசுக்கும். உடனே கை தானாக இன்னும் கொஞ்சம் மாவை அள்ளிப் போடும். தப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். 80 கிராம் எண்ணெய் போதும். குறையும் ஈரத்துக்குப் பால் சேருங்கள்.

20 குக்கீஸுக்கு என் அளவு இது. ஒரு கப் கோதுமை மாவு (120 கிராம்), வெறும் கடாயில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்த ஓட்ஸ் 60 கிராம், உடைத்த வேர்க்கடலையோ பாதாமோ 40 கிராம், நாட்டுச் சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஏலக்காய். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், பேக்கிங் பவுடரிலேயே சோடியம் இருக்கிறது. கடலை எண்ணெய் 80 மில்லி. சர்க்கரையையும் எண்ணெயையும் முதலில் நன்றாகக் கலக்கி, மற்றதைச் சேர்த்து, மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் பால் தெளித்துப் பிசையுங்கள். கேழ்வரகு மாவு பிடிக்கும் என்றால் கோதுமையில் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம். முழுக்கக் கேழ்வரகு என்றால் இழுவை இல்லாமல் உதிரும்.

பிசைந்ததும் சுடாதீர்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஓட்ஸும் கோதுமை மாவிலுள்ள தவிடும் ஈரத்தைக் குடித்து மாவு தானாகவே இறுகிவிடும். 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். வெளியே எடுக்கும்போது விரலால் தொட்டால் நடுவில் மெத்தென்று அமுங்க வேண்டும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள், ஆறும்போதுதான் அது இறுகும்.

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நிறமும் மணமும் நன்றாக வரும் என்பதற்காக மட்டும் சொன்னேன். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நாளைக்கு 3 கிராம் வேண்டும். இந்த குக்கீஸ் ஒன்றில் ஓட்ஸே 3 கிராம்தான் இருக்கிறது, அதில் பீட்டா குளுக்கான் கொஞ்சமே. அதனால் இதை மருந்தாக நினைத்து, டாக்டர் தந்த மாத்திரையை அவர் நிறுத்திவிடக் கூடாது.

தினமும் இரண்டு கொடுங்கள். ஒன்றில் ஏறக்குறைய 90 கலோரி. மொத்தத்தையும் சுட்டு டப்பாவில் நிரப்பாமல், மாவை உருண்டை பிடித்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு ஆறு ஆறாகச் சுடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தட்டியது என்றால் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.