சிக்கலான சமூக விஷயங்களைப் பற்றி ஊரில் கூட்டம் நடத்தினால் சண்டையில்தான் முடியுமா?

தம் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு பேச்சாளரை அழைத்து, சாதி, சொத்து, மதம் என்று தொட்டால் சுடும் விஷயங்களைப் பேசவைக்க நினைக்கிறார் கேள்வி கேட்டவர். கைகலப்பாகிவிடுமோ என்பது அவருடைய பயம்.

எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆறு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம். சண்டை வந்ததில்லை. முதல் கூட்டத்தில் வந்தது கொட்டாவிதான். வரவேற்புரை, பொன்னாடை, முன்னிலை வகித்தவரின் உரை, அதன்பின் பேச்சாளர் ஒன்றே முக்கால் மணி நேரம். கேள்விக்கு மிஞ்சியது பத்து நிமிடம். எழுந்த ஒரே மனிதர் அந்தப் பத்து நிமிடத்தையும் தாமே பேசித் தீர்த்தார். கேள்விக்குறி வரவே இல்லை.

அதற்குப் பிறகு பேச்சாளருக்கு 25 நிமிடம்தான். மீதி நேரம் வந்தவர்களுக்கு. எழுந்து கேட்கத் தயங்குபவர்கள் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடலாம். இந்த டப்பாதான் எங்கள் கூட்டத்தைக் காப்பாற்றியது.

ஒருமுறை தலைப்பு, பெண்களுக்குச் சொத்தில் பங்கு. “இதில் பேச என்ன இருக்கிறது? எல்லாரும் ஒப்புக்கொண்டதுதானே?” என்றார் நண்பர் ஒருவர். வந்த வழக்கறிஞர் அம்மா, கதையை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்தில் தொடங்கினார். அது சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை. 1987இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு ஒன்றுமில்லை, 1991இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு என்று அவர் சொன்னதும், அரங்கில் பாதிப் பெண்கள் விரல்விட்டுத் தம் கல்யாண ஆண்டை எண்ணத் தொடங்கினார்கள். இந்த வேறுபாட்டை 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. தந்தை தாமே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இவ்வளவுதான் அவர் பேச்சு.

முன்வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் எழுந்தார். “ஐம்பது பவுன் போட்டு, வருடா வருடம் சீர் செய்து அனுப்புகிறோமே, அது பங்கில்லையா?”

“சட்டப்படி இல்லை ஐயா.”

“சட்டத்தைக் கேட்கவில்லை அம்மா, நியாயத்தைக் கேட்கிறேன்.”

அந்த நேரத்தில் நான் டப்பாவில் கைவிட்டு எடுத்த சீட்டு, மின்கட்டண ரசீதின் பின்பக்கம். ‘பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பங்கு கேட்டிருந்தால் என் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வந்திருக்க மாட்டார்.’ படித்து முடித்தேன். யார் எழுதியது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விவசாயி கொஞ்ச நேரம் நின்றார். “அதுவும் இருக்கிறது” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பேசியவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அண்ணன் தம்பிகள் உட்பட.

கூட்டம் முடிந்ததும் ஒருவர், “தீர்ப்பு சொல்லவில்லையே?” என்றார். பட்டிமன்றம் நமக்குத் தந்த பழக்கம் இது. நடுவர் ஒரு பக்கம் சாய்ந்து, கைதட்டு வாங்கி, வீட்டுக்கு அனுப்பினால்தான் நிம்மதி. மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமய வாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்கிறான். பகைவரோடும் சினந்து பூசலிடாமல் விலகிப்போங்கள் என்றும் சொல்கிறான். அந்த அறிவிப்பில் தீர்ப்பு பற்றிப் பேச்சே இல்லை.

உங்கள் பயத்துக்கும் இடம் உண்டு. உள்ளூரில் ஒரு சாதித் தகராறு காவல் நிலையம் வரை போயிருக்கும் வாரத்தில் சாதியைத் தலைப்பாக வைக்காதீர்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் இரண்டு மாதம் கூட்டமே வேண்டாம். யார் பேசினாலும் பிரச்சாரமாகிவிடும். சீட்டுகளை முதலில் மனத்துக்குள் படித்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். ஒரு முறை நான் அப்படிச் செய்யாமல், ஒருவர் குடும்ப விவகாரத்தை ஊருக்கே வாசித்துவிட்டேன்.

பொன்னாடைக்கு எடுத்துவைத்த பணத்தில் சுண்டல் வாங்குங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேச்சு அதைத் தின்றுகொண்டு வாசற்படியில்தான் நடக்கிறது.