கிரியாட்டினின் 1.3 என்றால் சிறுநீரகம் செயலிழக்கிறதா?

"கிரியாட்டினின் 1.3 வந்திருக்கிறது. வலியோ வீக்கமோ இல்லை. கிட்னி ஃபெயிலியர் தொடங்கிவிட்டதா, இனி எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வயது, ஆணா பெண்ணா என்று தெரியாமல் அந்த 1.3-ஐ மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. உடம்பில் தசை கூடுதலாக இருந்தால் அதுவும் சற்றுக் கூடும். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ-ஜிஎஃப்ஆர் என்ற அளவைக் கணக்கிடுகிறார்கள். இதே 1.3, 25 வயது ஆணுக்கு 78 அளவில் வரும். 70 வயதுப் பெண்ணுக்கு 44 அளவுக்கு இறங்கிவிடும். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். செயலிழப்பு என்று சொல்வது 15-க்குக் கீழே போன பிறகுதான். இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் பல ஆண்டுகள் இருக்கின்றன.

வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கல், தொற்று போன்றவை வலிக்கும், சர்க்கரையும் பி.பி.யும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல்தான் அரிக்கும். எனக்கு இரண்டும் உண்டு. கிரியாட்டினின் 0.9 என்று நன்றாக இருந்த காலத்திலேயே என் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிட்டது. வடிகட்டும் திறன் பாதியளவு குறைந்த பிறகுகூட கிரியாட்டினின் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தையும் பாருங்கள். அது 30-க்குக் கீழே இருக்க வேண்டும். பலரும் செய்யாமல் விடுவது இந்தப் பரிசோதனையைத்தான்; என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்.

அல்புமின் வந்ததும் எனக்கு டெல்மிசார்ட்டன் கொடுத்தார்கள். பி.பி.யைக் குறைப்பதோடு வடிகட்டிகளின் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் இவ்வகை மாத்திரைகள் குறைக்கும். தொடங்கிய புதிதில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து, மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 30 சதவீதத்துக்குள் ஏறி அப்படியே நின்றால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வலி மாத்திரைகளுக்கு. மூட்டுவலி, முதுகுவலி என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டிருக்கும்போது இன்னும் ஆபத்து. அப்புறம், "கிட்னியைச் சுத்தம் செய்யும்" பொடிகள். தன்னையே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்புக்கு எதற்குப் பொடி? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் தொடாதீர்கள்.

தண்ணீர் பற்றி நிறையச் சொல்வார்கள். கல் வரும் உடம்பென்றால் நிறையக் குடிக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்குத் தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் லிட்டராகக் குடிப்பதால் நாள்பட்ட நோய் நின்றுவிடாது. அதைவிட உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் பலன் தரும்.

இப்போதைக்குப் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். ஐந்து வருடமாகவே 1.3 என்றால் ஒரு கதை, போன வருடம் 0.8 என்றால் வேறு கதை. சில வாரங்களுக்குள் ஏறியிருந்தால் உடனே சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வரும் பாதிப்பு பலருக்கும் சரியாகிவிடும். அதில் டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் சில வாரங்களில் நிறுத்த முடிந்தவர்கள் உண்டு. சிறுநீர் சட்டென்று குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.