கெட்டில் படிவுக்கு வினிகர் போதும், சோடா வேண்டாம்

கேள்வி: மின் கெட்டிலில் வெள்ளைப் படிவு கெட்டியாகிவிட்டது. வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து ஊற்றினேன். நன்றாக நுரைத்தது, படிவு போகவில்லை. 'ஆர்கானிக் ஆசிட்' என்று பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பாட்டிலைத் தருகிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் வினிகர் நல்ல வினிகர்தான். அதை வீணடித்தது சோடா.

கெட்டிலில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் கார்பாக்சிலிக் அமில வகையைச் சேர்ந்தது, அதாவது கார்பன் அடங்கிய, வேதியியலில் 'ஆர்கானிக்' எனப்படும் அமிலங்களில் ஒரு வகை. அது கார்பனேட்டோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழாக வெளியேறும், கூடவே உண்டாகும் கால்சியம் அசிட்டேட் என்ற உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். ஒரு லிட்டர் 5 சதவீத வினிகர், கணக்குப்படி சுமார் 40 கிராம் படிவைக் கரைக்கும். சோடாவைப் போட்டால் அமிலம் முதலில் அதோடுதான் வினைபுரியும். நீங்கள் பார்த்த நுரை அதுதான். மிஞ்சியது சோடியம் அசிட்டேட் கரைந்த வெறும் தண்ணீர். இது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் சமன்பாட்டை எழுத வைத்து மதிப்பெண் போடுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது, வீட்டில் எதற்கு உதவும் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் அந்த பாட்டில். 'ஆர்கானிக்' என்றால் சாப்பிடக்கூடியது என்று நம்ப வைத்து விற்கிறார்கள். உள்ளே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கலாம், அது கெட்டிலின் எஃகையே அரிக்கும். ஆக்சாலிக் அமிலமாகவும் இருக்கலாம். அதுவும் கார்பாக்சிலிக் அமிலம்தான், துருவை எடுக்க நல்லது. ஆனால் கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கால்சியம் ஆக்சலேட் உண்டாகி, படிவின் மேலேயே இன்னொரு வெள்ளைத் தோலாகப் படியும். உடலுக்குள் போனால் அதே உப்பு சிறுநீரகத்தில் தங்கிக் கெடுக்கும். குடிநீர் கொதிக்கும் பாத்திரத்தில் அதற்கு வேலையே இல்லை. உள்ளே என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று எழுதாத பாட்டிலைக் கையில் கொடுப்பதே தப்பு. கேட்டால் 'எல்லாரும் வாங்குகிறார்கள்' என்பதுதான் பதிலாக வருகிறது.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, சூடாக்கி, அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். வாடை பிடிக்காவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் போடலாம். அதைக் கொதிக்க வைக்காதீர்கள், கால்சியம் சிட்ரேட் சூட்டில் படியும். இரண்டில் எதிலும் ப்ளீச் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். படிவு மீதமிருந்தால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுங்கள். கடைசியில் நன்றாகக் கழுவி, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.