விற்பனை குறையவில்லை, கையில் காசும் நிற்கவில்லை: ஆளைக் குறைக்கலாமா?

பரோட்டா மாஸ்டரை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். டிபன் கடையில் விற்பனை அப்படியே இருந்தும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஓட்டை பெரும்பாலும் சரக்கில்தான். எண்ணெய் விலை ஏறியிருக்கும், விலைப்பலகை மாறியிருக்காது.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்:

1. அன்றன்றைய சரக்குச் செலவைத் தனி நோட்டில் எழுதுங்கள். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்த காசையும் சேர்த்துத்தான். (பலருக்கு இடிப்பதே இங்கேதான்.)

2. இரவு மிஞ்சும் மாவை எடை போடுங்கள்.

3. 19 கிலோ சிலிண்டர் மாட்டிய தேதியை அதன் மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பரோட்டாவின் அளவை மட்டும் சிறிதாக்க வேண்டாம். அதைவிட 2 ரூபாய் ஏற்றுவது மேல். வாடகைதான் உங்களை அழுத்துகிறது என்றால் இதெல்லாம் போதாது. கட்டட உரிமையாளரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.